நவீன சிற்பங்கள் மீதான மக்கள் எதிர்வினை

நவீன சிற்பங்கள் மீதான மக்கள் எதிர்வினை என்பது, கோயிற் சிற்ப மரபிலோ ஆளைப் போலவே வடிக்கும் உருவச்சிலை மரபிலோ அடங்காத சிற்பங்கள் பொதுவிடங்களில் நிறுவப்படும்போது மக்களிடையே எழும் ஏற்பு, எதிர்ப்பு, ஏளனம் முதலியவற்றைக் குறிக்கும். கலைக்கூடத்துக்குச் செல்பவர் தாமே விரும்பிச் செல்கின்றார். கடற்கரையிலோ பூங்காவிலோ வங்கி வாசலிலோ நிற்கும் சிற்பம் பேருந்துக்குக் காத்திருப்பவர் கண்ணிலும் நாள்தோறும் படுகின்றது. எனவே கலைச்சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற எளிய உண்மை, பொதுவிடச் சிற்பத்தைப் பொறுத்தவரை பலருக்கும் உரிய ஓர் இடத்தில் எது நிற்கலாம், அதை யார் முடிவு செய்வது என்ற வழக்காக மாறிவிடுகின்றது. தென்னிந்தியாவில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சென்னையில் பயின்ற சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் பாலக்காட்டுக்கு அருகே மலம்புழாவில் அமைத்த யட்சி சிற்பம் ஆகும்.

சிலை என்பதன் பொருள்

தமிழில் சிலை என்றால் பெரும்பாலும் அது ஒருவருடைய சிலை. காந்தி சிலை, அண்ணா சிலை, பிள்ளையார் சிலை என்று ஆறாம் வேற்றுமையிலேயே அச்சொல் வழங்குகின்றது. யாருடைய சிலை என்ற கேள்விக்கு விடை இல்லாத ஒரு வடிவம் தெருவில் நின்றால், கண்டவர் முதலில் கேட்பது "இது என்ன?" என்பதாகும். நவீன சிற்பத்தின் மீதான முதல் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது.

உருவம் இயற்கையைப் போல் இல்லாததே மக்களின் வெறுப்புக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இக்கருத்துடன் ஒத்துப்போகவில்லை. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்விட்ட வீரர்களுக்காகப் பல்லவர் காலம் முதல் நடப்பட்ட இக்கற்களில் வீரனின் உருவம் தட்டையான புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். கையில் வில்லும் வாளும் தெரியும். உடலில் அம்பு தைத்திருக்கும். முகம் பெரும்பாலும் ஒரு கோட்டளவே. ஆகம அளவுகளோ அழகிய முகவெட்டோ இவற்றில் இல்லை. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவகத்தி என்னும் வீரனுடன் கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கல்வெட்டு நாயின் பெயரையும் குறித்திருப்பது வியப்புக்குரியது. இவ்வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டது. எழுத்தைப் படிக்க ஆள் இல்லாத காலத்திலும் இக்கற்களுட் பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபட்டு வந்துள்ளனர். முகம் இல்லாத உருவத்தை ஏற்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஒரு பெயரும், ஒரு கதையும், ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய ஒரு கடமையும் அந்தக் கல்லுடன் சேர்ந்தே வந்தன.

பெயர் தெரிந்த ஒருவரின் சிலை அவரைப் போல் இல்லாவிட்டால் நேர்வதற்கு 2018ஆம் ஆண்டுச் சென்னை நிகழ்வு ஒன்று சான்றாகும். முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வெண்கலச் சிலை அவருடைய பிறந்தநாளான பெப்ரவரி 24 அன்று அக்கட்சித் தலைமையகத்தில் திறக்கப்பட்டது. முகச்சாயல் வேறு யாரையோ போல் இருப்பதாகக் கட்சிக்காரர்களும் பிறரும் குறை கூறினர். இணையத்தில் கேலி பரவியது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு சிலை அதனிடத்தில் வைக்கப்பட்டது. இது நவீன சிற்பம் அன்று. எனினும் உருவ ஒற்றுமை என்ற அளவுகோல் தமிழ்நாட்டில் எவ்வளவு வலுவானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

மெரீனாவிலுள்ள கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதும் பெரும் சர்ச்சையே. ஆனால் அதில் சிற்பத்தின் வடிவம் பற்றி யாரும் வாதிடவில்லை. அது தமிழ் அடையாளம், ஆட்சி மாற்றம் பற்றிய சர்ச்சை. ஆகவே அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

சென்னைக் கலைப்பள்ளி

சென்னை அரசு கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேபி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கம் அவருடைய சிற்பங்களில் உண்டு. அவருடைய உழைப்பின் வெற்றி என்ற வெண்கலத் தொகுதி 1959ஆம் ஆண்டு மெரீனாவில் நிறுவப்பட்டது. பாறை ஒன்றைப் பெயர்த்து நகர்த்த முயலும் நான்கு உழைப்பாளர்களை அது காட்டுகின்றது. இந்த நால்வருக்கும் பெயர் இல்லை. இவர்கள் தலைவர்களும் அல்லர். இருந்தும் மக்கள் இதை எளிதில் ஏற்றுக்கொண்டு உழைப்பாளர் சிலை என்று தாமே பெயர் வைத்தனர். இந்தியாவின் முதல் மே நாள் விழாவைச் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையிலும் நடத்தினார் என்ற வரலாறு அதற்கு ஒரு பொருத்தமான பின்னணியைக் கொடுத்தது. தசைநார் முறுக்கேறிய உடல்கள் கண்ணுக்குப் பழக்கமான இயற்கை அளவிலேயே அமைந்திருந்ததும் இவ்வேற்புக்கு ஒரு காரணம் எனலாம்.

அடுத்த தலைமுறை வேறு வழியில் சென்றது. ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கரின் காலத்தில், எஸ். தனபால், பி. வி. ஜானகிராம் முதலியோர் உடற்கூற்று ஒழுங்கை விட்டு விலகி நாட்டுப்புற உருவங்களையும் கோயிற் கவசங்களையும் தம் மூலங்களாகக் கொண்டனர். ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து உருவங்களை அமைத்தார். மூலவர் மேல் சார்த்தும் வெள்ளிக் கவசத்தைப் பார்த்தவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. முன்புறம் மட்டுமே பார்வைக்கு உரியதாகச் சிற்பத்தை அமைக்கும் இப்பாங்கைப் பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் தொடர்ந்தார். சிற்பியர் குடும்பத்திலிருந்து வந்த வித்யாசங்கர் ஸ்தபதி மரபுக் கல்வியுடனேயே இந்த நவீனத்துக்குள் நுழைந்தவர்.

இவர்களுட் பலர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கப்பட்ட சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். ஓவியமும் சிற்பமும் விற்றுப் பிழைக்க முடியாத அக்காலத்தில் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணமே கிராமத்தைத் தாங்கியது. தமிழ்நாட்டு நவீன சிற்பம் பெரும்பாலும் எதிர்க்கப்படவில்லை; பார்க்கப்படவே இல்லை என்பது அதனினும் பெரிய உண்மை. வேலிக்கு உள்ளேயும் அருங்காட்சியகத்துக்குள்ளேயும் அது இருந்ததால் சண்டைக்கு வாய்ப்பு குறைவாக இருந்தது. அதே பள்ளியின் மாணவர் ஒருவர் தம் சிற்பத்தைத் திறந்தவெளியில், அதுவும் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவில் வைத்தபோதுதான் வழக்கு தொடங்கியது.

மலம்புழா யட்சி

கானாயி குஞ்ஞிராமன் வட கேரளத்தில் இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் 1937இல் பிறந்தவர். சென்னையில் பயின்றபின் உதவித்தொகை பெற்று இலண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குச் சென்றார். அங்கு ஆசிரியராக இருந்த ரெக் பட்லரின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. அறியப்படாத அரசியல் கைதிக்கான நினைவுச்சின்னம் என்ற தலைப்பில் நடந்த அனைத்துலகப் போட்டியில் 1953இல் பரிசு பெற்ற பட்லரின் கம்பி மாதிரியை, கண்காட்சியில் வைத்தே அங்கேரிய அகதி ஒருவர் உடைத்தார். உயிருள்ள மனிதர்களின் துன்பத்தைப் பழைய இரும்பாக ஆக்கிவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். கலை அறியாதவரின் முரட்டுச் செயல் என்று இதை எளிதில் தள்ளிவிட இயலாது. அடக்குமுறையை நேரில் அறிந்த ஒருவரின் கோபம் அது.

இந்தியா திரும்பிய குஞ்ஞிராமன் 1969இல் மலம்புழா அணைக்கட்டுப் பூங்காவில் சுமார் 30 அடி உயரத்தில் சிமிட்டிக் கலவையால் யட்சியை உருவாக்கினார். ஆடையற்ற பெண் ஒருத்தி கால்களை அகற்றி நீட்டித் தரையில் அமர்ந்திருக்கின்றாள்; கைகள் உயர்ந்து கூந்தலைப் பற்றியிருக்கின்றன; முகம் மேல்நோக்கி மலைகளின் பக்கம் திரும்பியிருக்கின்றது. பின்னால் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் திரட்சியும் இவ்வுடலின் திரட்சியும் ஒன்றுக்கொன்று விடை சொல்வதுபோல் அமைந்திருப்பதைப் படங்களில் காண்பது கடினம். நேரில் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கவேண்டும்.

கேரள நாட்டுப்புற நம்பிக்கையில் யட்சி என்பவள் இரவில் வழிப்போக்கரை மயக்கி, பனைமரத்துக்கு இட்டுச்சென்று, இரத்தம் குடிக்கும் பெண்ணாவாள். ஆகவே சிற்பத்துக்குப் பெயரும் கதையும் இருந்தன. இருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஆண், பெண், குழந்தைகள் என்று குடும்பத்துடன் வரும் இடத்தில் நிர்வாண உருவம் ஏன் என்பதே முதன்மையான கேள்வி. வேலை நடந்த நாட்களிலேயே தமக்கு மிரட்டல்கள் வந்ததைச் சிற்பி பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

கோயிற் கோபுரங்களிலும் தூண்களிலும் ஆடையற்ற உருவங்கள் இல்லையா என்பது ஆதரவாளர் வழக்கமாகக் கூறும் மறுமொழி. இது வலுவான வாதம்போல் தோன்றினாலும் முழுமையானது அன்று. கோயிலில் அவ்வுருவம் நூற்றுக்கணக்கான உருவங்களுள் ஒன்றாக, உயரத்தில், சிறு அளவில், ஒரு பெரிய ஒழுங்குக்குள் இருக்கின்றது. மலம்புழாவில் அது தனியாக, தரையில், முப்பது அடி உயரத்தில் எதிர்வருகின்றது. எதிர்த்தவர்கள் தம் மரபையே மறந்துவிட்டார்கள் என்பதைவிட, மரபு கொடுத்த இடைவெளி இங்கு இல்லாமற் போனதை உணர்ந்தார்கள் என்பதே பொருந்தும். அந்த இடைவெளியை நீக்குவதே சிற்பியின் நோக்கமும் ஆகும்.

பின்பு நடந்தது எவரும் திட்டமிட்டதன்று. சிற்பம் அங்கேயே இருந்தது. கேரளத்தினரும் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழரும் விடுமுறை நாட்களில் வந்தனர். பள்ளிச் சுற்றுலாக்கள் வந்தன. யட்சியின் முன் நின்று குடும்பப் படம் எடுப்பது வழக்கமாயிற்று. 2019இல் அதன் பொன்விழா கொண்டாடப்பட்டபோது சிற்பி பாராட்டப்பட்டார். இன்று மலம்புழா என்றால் அணைக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது யட்சியே. இதனால் எல்லோருக்கும் அச்சிற்பம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாகாது. அருவருப்புடனோ வெட்கச் சிரிப்புடனோ கடந்து செல்பவர்கள் இன்றும் உண்டு. பிடிக்காதவரும் அதை அகற்றவேண்டும் என்று கேட்பதில்லை என்பதே ஏற்பட்ட மாற்றம்.

தில்லி யட்சி

அதே பத்தாண்டில் அதே பெயரில் வடக்கிலும் ஒரு சிக்கல் எழுந்தது. சாந்திநிகேதனைச் சேர்ந்த இராம்கிங்கர் பைஜ், புது தில்லி இந்திய ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலுக்காக யட்சன், யட்சி என்ற இரு பெரும் கற்சிலைகளை வடித்தார். பொதுக்கட்டடங்கள் இந்தியக் கலைஞர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற நேருவின் கருத்து இப்பணிக்குப் பின்னணியாக இருந்தது. மதுரா அருங்காட்சியகத்திலுள்ள பார்க்கம் யட்சனும் கொல்கத்தா அருங்காட்சியகத்திலுள்ள பேசுநகர் யட்சியும் இவற்றுக்கு முன்மாதிரிகள். யட்சன் தொழில்துறையையும் யட்சி வேளாண்மையையும் குறிப்பனவாகக் கொள்ளப்பட்டன. கல் தேடுவது முதல் செதுக்கி நிறுவுவது வரை பல ஆண்டுகள் பிடித்த இப்பணி 1960களில் நிறைவுற்றது.

சிற்பங்கள் நின்றபின் ஆடையற்ற பெண்ணுருவம் வங்கி வாயிலில் நிற்பது குறித்து மாநிலங்களவையில் கேள்வி எழுப்பப்பட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள முன்மாதிரி அருங்காட்சியகத்தில் இருந்தபோது அது தேசியச் செல்வம். அதைத் தழுவிய புதிய உருவம் தெருவுக்கு வந்தபோது அது நிர்வாணம். சிலைகள் அகற்றப்படவில்லை, இன்றும் அங்கேயே உள்ளன.

மேலை நாடுகளில்

இத்தகைய எதிர்ப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. எழுத்தாளர் பால்சாக்குக்காக ரோடின் செய்த சிலையை, பணி கொடுத்த எழுத்தாளர் சங்கமே 1898இல் ஏற்க மறுத்தது. தொளதொளத்த அங்கிக்குள் நிற்கும் அவ்வுருவத்தில் முகச்சாயல் இல்லை என்பது குறை. ரோடின் 1917இல் இறந்தார். சிலை வெண்கலத்தில் வார்க்கப்பட்டுப் பாரிசுத் தெருவில் நிற்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ருமேனியச் சிற்பி பிரான்குசியின் வெளியில் பறவை என்ற மெருகேற்றிய வெண்கலச் சிற்பம் 1926இல் அமெரிக்கத் துறைமுகத்தை அடைந்தபோது, சுங்க அதிகாரிகள் அதைக் கலைப்பொருளாக ஏற்காமல் உலோகப் பொருளாகக் கருதி 40 விழுக்காடு வரி விதித்தனர். கலைப்பொருளுக்கு வரி இல்லை. அதில் இறகும் அலகும் இல்லாததே சிக்கலாயிற்று. பறவையைப் போல் இல்லாத ஒன்று பறவைச் சிற்பம் ஆகுமா என்று நீதிமன்றத்தில் சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1928இல் தீர்ப்பு சிற்பியின் பக்கம் வந்தது.

நியூயோர்க்கில் ரிச்சர்டு செராவின் சாய்ந்த வில் என்ற சிற்பத்தின் கதி வேறு. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட துருவேறிய எஃகுச் சுவராக அது 1981இல் அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றின் குறுக்கே நிறுவப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் நாள்தோறும் அதைச் சுற்றி நடக்க நேர்ந்தது. 1985இல் நடந்த பொது விசாரணையில் பேசியவர்களுள் 122 பேர் அதை வைத்திருக்கவும் 58 பேர் அகற்றவும் கோரினர். ஆயினும் குழு அகற்றவே பரிந்துரைத்தது. 1989இல் அது வெட்டி எடுக்கப்பட்டது. இடத்துக்காகவே செய்த சிற்பத்தை இடம் மாற்றுவது அழிப்பதே என்றார் செரா. பேச வந்தவர்களின் எண்ணிக்கை, பேச வராமல் நாள்தோறும் நடந்தவர்களின் மனத்தைக் காட்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே.

சுவை பற்றிய கருத்துகள்

கலைச்சுவை முற்றிலும் தனிமனிதருக்கு உரியதா என்பது பழைய வினா. இசுக்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரையில், சுவைகள் வேறுபட்டாலும் பயிற்சியும் ஒப்பீட்டு அறிவும் உள்ளவர்களின் தீர்ப்புகள் காலப்போக்கில் ஒன்றுகூடும் என்றார். 1790இல் வெளியான நூலில் இம்மானுவேல் காண்ட் வேறொன்றைக் கவனித்தார்: ஓர் உணவு தமக்குப் பிடிக்கும் என்று சொல்பவர் பிறரும் அதை விரும்பவேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை, ஒன்று அழகு என்று சொல்பவரோ பிறருடைய உடன்பாட்டையும் கோருகின்றார். யட்சி அழகா என்ற பேச்சு சண்டையில் முடிவதற்கும், காப்பியா தேநீரா என்ற பேச்சு அவ்வாறு முடியாததற்கும் இதுவே காரணம் எனலாம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ஆய்வு, சுவை என்பது கல்வியாலும் குடும்பப் பின்னணியாலும் பெரிதும் உருவாவது என்றும், தம்மைப் பிறரிடமிருந்து உயர்த்திக் காட்ட மக்கள் அதைப் பயன்படுத்துகின்றனர் என்றும் வாதிட்டது. நவீன சிற்பம் புரியவில்லை என்பவரைப் பார்த்து முறுவலிக்கும் கலைவிமர்சகருக்கு இது பொருந்தும்.

மலம்புழாவில் நிகழ்ந்ததை விளக்க உளவியலிலிருந்து ஒரு கருத்து உதவும். ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே அதன்மீது விருப்பம் கூடுகின்றது என்று ராபர்ட் சயான்சு 1968இல் தம் சோதனைகளின் மூலம் காட்டினார். அவ்வாறெனில் எதை நிறுத்தினாலும் ஐம்பது ஆண்டில் பிடித்துவிடுமா? இங்கிலாந்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தரம் குறைந்தவை என்று ஆய்வாளர் கருதிய ஓவியங்களை மாணவர்கள் மீண்டும் மீண்டும் பார்த்தபோது அவற்றின் மீதான விருப்பம் குறைந்தது. பழக்கம் எல்லாவற்றையும் ஒரே அளவில் நல்லதாக்குவதில்லை என்று தெரிகின்றது. எனினும் ஓர் ஆய்வைக் கொண்டு சிற்பங்களுக்குத் தரச்சான்று வழங்க முற்படுவது மிகையாகும்.

அகற்றலும் சிற்பியின் உரிமையும்

ஒரு சிற்பத்தைப் பிடிக்காதவர்கள் அதை என்ன செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு விற்கப்பட்ட பின்னும் அதைச் சிதைப்பதற்கு எதிராகப் படைப்பாளிக்கு உரிமை அளிக்கின்றது. புது தில்லி விஞ்ஞான் பவனுக்காக அமர் நாத் சேகல் செய்த சுமார் 140 அடி நீளமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் கட்டடச் சீரமைப்பின்போது பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அதை வெறுத்து யாரும் அகற்றவில்லை, அலட்சியமே காரணம். நெடிய வழக்குக்குப்பின் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு ஆணையிட்டது.

குஞ்ஞிராமனுக்கும் பிற்காலச் சிக்கல் இவ்வகையிலேயே வந்தது. திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் 1990களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சாகரகன்யகா என்ற மாபெரும் கடற்கன்னிச் சிற்பம், சுற்றியுள்ள நிலப்பரப்பின் மேடுபள்ளங்களுடன் சேர்த்துக் கருதப்பட்ட ஒன்று. 2020களின் தொடக்கத்தில் சுற்றுலா வளர்ச்சிக்காக அதன் அருகிலேயே பணி ஓய்வு பெற்ற உலங்கு வானூர்தி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. வானூர்தியைப் பார்க்க வந்தவர்கள் மகிழ்ந்தனர். சிற்பி மகிழவில்லை. தம் சிற்பங்களைச் சுற்றிய இடங்கள் சீர்குலைக்கப்படுவதாக அவர் கூறிவந்தார். 2022இல் கேரள அரசின் கேரள ஸ்ரீ விருது தமக்கு அறிவிக்கப்பட்டபோது, அவை சரிசெய்யப்படும்வரை விருதைப் பெற்றுக்கொள்ள இயலாது என்று தெரிவித்தார்.